எழுந்து உட்காரக் கூடாத பிள்ளைகள்

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். செண்பகனூர் சாலையோரத்தில் டீயும் பன்னும் வெற்றிலையும் விற்கிற கடை எங்களுடையது. பஸ் நிற்கிற நேரத்துக்குள் ஒரு டீயையும் ஒரு கதையையும் கொடுத்து அனுப்பிவிடுவாள் அன்னம் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் என் மகள் பவளம் ஆஸ்பத்திரியில் கிடந்த கதையை பஸ் கிளம்புவதற்குள் சொல்ல முடியவில்லை. பாதி கேட்டவர் நர்சைத் திட்டிக்கொண்டு ஏறிப் போனார். வேறு பாதி கேட்டவர் மேல்மலைக்கார அப்பனைத் திட்டிக்கொண்டு போனார். அது நியாயமாகப் படவில்லை. அதனால் முழுதையும் எழுதி வைக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. சாமான் பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பவளத்துக்கு ஆறு வயது. ஐப்பசி மழையில் சளி பிடித்தது, காய்ச்சல் வந்தது. மழைக் காலத்தில் இங்கே எந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகவில்லை? சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். பிறகு கஞ்சியை விழுங்க மாட்டேன் என்றாள். கழுத்து இரண்டு பக்கமும் தாடைக்குக் கீழே வீங்கி, வாயிலிருந்து ஒரு கெட்ட வாடை வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை படியுமே, அதுபோல உள்நாக்குப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படிந்திருந்தது. என் வீட்டுக்காரர் காய்கறி லாரி ஓட்டுகிறவர். முட்டைக்கோஸ் மூட்டைகளை ஏற்றி வத்தலக்குண்டுக்கு இறங்க இருந்த லாரியைத் திருப்பி, எங்கள் இருவரையும் மேலே கொடைக்கானலுக்குக் கொண்டுபோனார். மூச்சு இழுக்கும்போது அவள் தொண்டையிலிருந்து சேவல் கூவுவது போல ஒரு சத்தம் வந்தது. இப்போதும் விடியற்காலையில் சேவல் கூவினால், எழுந்து போய் அவள் மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பேன்.

குழந்தைகளுக்கென்றே இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரி அது. பெரிய வார்டு ஒன்று. அதைத் தாண்டி, தோட்டத்துக்கு அந்தப் பக்கம், ஒட்டுகிற நோய்க்காரப் பிள்ளைகளுக்கு ஆறு கட்டில் போட்ட சின்ன வார்டு ஒன்று. டாக்டர் மதுரைப் பக்கத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். வாயைத் திறந்து பார்த்ததும், "தொண்டை அடைப்பான்" என்றார். அந்தத் தோல் வளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடுமாம். அதனால்தான் அந்தப் பெயர். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை ஊசியாகப் போட்டார்கள்.

"குதிரை ஊசி போட்டாச்சு. இனி இவளைப் பிடிக்க என் லாரி பத்தாது" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு வெளியே போய் லாரி டயரைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை.

இனி நர்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பேர் எஸ்தர். திண்டுக்கல் பக்கம். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு காலத்தில் நான்கு நர்சுகள் இருந்தார்களாம். ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிற்று. கல்யாணம் ஆனால் வேலையை விட்டுப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருத்தி குளிர் தாங்காமல் இறங்கிப் போனாள். நாங்கள் போனபோது இருந்தது எஸ்தரும், ராத்திரி டூட்டி பார்க்கிற இன்னொரு பெண்ணும்தான். காலை ஆறு மணிக்கு ஒருத்தி ஏறினால் மாலை ஆறு மணிக்கு இறங்குவாள், மற்றவள் ஏறுவாள். நாங்கள் போன வாரமே அந்த ராத்திரிப் பெண்ணுக்கு டைபாய்டு வந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஏறுவதும் எஸ்தர்தான், இறங்க வேண்டியதும் எஸ்தர்தான். இறங்கத்தான் நேரம் இல்லை. துணி அடுக்குகிற அறையில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் கண்ணை மூடுவார், யாராவது கூப்பிடுகிற வரை.

கூடமாட இருந்தது ஆயா சூசையம்மா. அந்த அம்மாளின் பேச்சைக் கேட்கவே இன்னொரு தரம் நோயில் படுக்கலாம். "மூணு பேர் சோலியை எஸ்தர் பாக்குது, மூணு ஆயா சோலியை நான் பாக்குறேன். ஆறு பேர் இருக்கோம் தாயி, சோறுதான் ரெண்டு பேருக்குப் போடுறாக" என்பார். "சுவத்துக்கு ரெண்டு கை முளைச்சா அதையும் புடிச்சு சோலியில போட்டுருவேன்" என்பார்.

சுவருக்குக் கை முளைக்கவில்லை. ஆனால் நாங்கள் இருந்தோம். பிள்ளைக்குத் துணையாக ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஆளை உள்ளே விட்டார்கள். கஞ்சி ஊட்டுவது, மூத்திரத் துணி மாற்றுவது, ஊசி கொதிக்கிற அடுப்பைப் பார்த்துக்கொள்வது, மூச்சுச் சத்தம் மாறினால் ஓடிப்போய்ச் சொல்வது எல்லாம் எங்கள் பொறுப்பு. எஸ்தர் ஒவ்வொன்றையும் ஒரு தரம்தான் சொல்லித் தருவார். இரண்டாம் தரம் சொல்ல அவருக்கு நேரம் கிடையாது.

அந்தத் தோல் மெல்ல உரிந்து விழுந்து, பவளம் கஞ்சியை விழுங்க ஆரம்பித்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தில், நாளைக்கே வீட்டுக்குப் போகலாமா என்று எஸ்தரிடம் கேட்டேன். அவர் என்னைக் கதவுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"அக்கா, இனிமேதான் பயம். தொண்டை ஆறிரும். அதுல இருந்த விஷம் ரத்தத்துல இறங்கி இதயத்தைப் பிடிச்சிருக்கு. வெளிய ஒண்ணும் தெரியாது. பிள்ளை சிரிக்கும், சாப்பிடும், வெளையாடக் கேக்கும். ஆனா எந்திரிச்சு உக்காந்தா அந்த ஒரு அசைவை இதயம் தாங்காது. அப்படியே நின்னுரும்."

"உக்காந்தாலேவா?"

"உக்காந்தாலே. தலையணைகூட வைக்கக் கூடாது. பல வாரம் இப்படித்தான். நீங்க இருக்கீங்கன்னுதான் நான் அங்கிட்டு இங்கிட்டுப் போறேன்."

ஆறு வயதுப் பிள்ளையை, உடம்பு தேறிவிட்டது போல இருக்கிற பிள்ளையை, மல்லாக்கப் படுத்தே இருக்க வைப்பதை யோசித்துப் பாருங்கள். நான் கதை சொன்னேன். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பேசுவது போலவெல்லாம் பேசிக் காட்டினேன். அவள் சிரித்தால் அதற்கும் பயந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் தண்டபாணி என்று ஒரு பையன். அவனுக்கும் இதே நோய், இதே கட்டுப்பாடு. மேல்மலையில் பூண்டு போடுகிற குடும்பம். அவன் அம்மா நாச்சி, வீட்டில் கைப்பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள். பால் கட்டி மாரெல்லாம் வலிக்கும் அவளுக்கு. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பீய்ச்சிவிடுவாள். அந்தக் கைப்பிள்ளைக்கும் காய்ச்சல் என்று ஒருநாள் ஆள் வந்து சொன்னான். அன்று சாயங்காலம் அவள் போய், அவள் புருஷன் அழகப்பன் வந்தான். போகும்போது அவனிடம், "கீழ மட்டும் இறக்கிராதீங்க, டாக்டரு சொல்லியிருக்காரு" என்று சொன்னாள். அது என் காதிலும் விழுந்தது. பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் அவ்வளவுதான் சொன்னாள். எஸ்தர் அந்த நேரம் பெரிய வார்டில் இருந்தார்.

அழகப்பன் நல்ல மனுஷன். வந்ததும் ஆளுக்கொரு மலைவாழைப்பழம் கொடுத்தான், படுத்திருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து. மகனின் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஆயா வந்தாலும் எழுந்தான், கூட்டுகிற ஆள் வந்தாலும் எழுந்தான். "உக்காருய்யா, நான் என்ன கலெக்டரா?" என்று சூசையம்மா கேட்டதற்கு, "காட்டிலாகா கார்டு வந்தாலே எந்திரிச்சுப் பழகிருச்சுங்க. காலு தன்னால நின்னுருது" என்று சிரித்தான்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் பெரிய டாக்டர் வரும்போது, உட்காரத் தெம்புள்ள பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்து கை கூப்பி, "குட்மார்னிங் டாக்டர்" என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். யார் எப்போது ஆரம்பித்து வைத்ததோ தெரியாது. அதிகம் பேசாத டாக்டர் அந்த ஒரு நிமிடம் சிரிப்பார். அப்போது எஸ்தர் டாக்டருக்கு ஒரு எட்டு முன்னால் நடந்து வருவார். தண்டபாணி கட்டிலில் ஒரு கை, பவளம் கட்டிலில் ஒரு கை. நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, "நீ படு. நீயும் படு" என்று அழுத்திக்கொண்டே போவார். தினமும் பார்த்துப் பார்த்து எனக்கு அது ஒரு பூசை மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் காலை பெரிய வார்டில் ஒரு கைக்குழந்தைக்கு வலிப்பு வந்தது. எஸ்தரும் சூசையம்மாவும் அங்கே ஓடினார்கள். ஓடும்போதே எஸ்தர், "அக்கா, அடுப்புல ஊசி கொதிக்குது, தண்ணி வத்திராமப் பாத்துக்கங்க" என்றார். அந்த அடுப்பு பின் வராந்தாவில் இருந்தது. பவளத்திடம் அசையாதே என்று சொல்லிவிட்டுப் போய் நின்றேன். பூட்ஸ் சத்தம் கேட்டது. டாக்டர் அன்று தனியாக வந்தார்.

பிள்ளைகள் குரல் கொடுத்தன. "குட்மார்னிங் டாக்டர்." அதற்கு நடுவில் அழகப்பனின் குரல். "எந்திரி சாமி. எல்லாப் பிள்ளையும் எந்திரிச்சிருச்சு பாரு. பெரிய டாக்டரய்யா வாராக. நல்லாக் கும்புடு."

நான் திரும்பி, "ஐயோ, வேணாம்" என்று கத்தினேன். அதற்குள் தண்டபாணி எழுந்து உட்கார்ந்துவிட்டான். அப்பன் முதுகுக்குக் கை கொடுத்திருந்தான். பையன் இரண்டு கையையும் அழகாகச் சேர்த்தான். பல நாள் கழித்து உட்கார்ந்த மகிழ்ச்சி அவன் முகத்தில் தெரிந்தது. "குட்" என்றான். முகம் வெள்ளையாகிப் போனது. தலை அப்பனின் தோளில் சாய்ந்தது.

"வெக்கப்படுறான்யா" என்றான் அழகப்பன் டாக்டரிடம்.

டாக்டர் கட்டிலுக்குப் பாய்ந்தார். நெஞ்சில் ஊசி போட்டார், அமுக்கினார், வாயில் ஊதினார். எல்லாம் செய்தார். எஸ்தர் ஓடி வந்தபோது முடிந்திருந்தது. பவளம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் நெஞ்சில் கையை வைத்து அமுக்கிக்கொண்டு நின்றேன். என் கைக்குக் கீழே அந்தச் சின்ன இதயம் தாறுமாறாக அடித்தது.

"இந்த வார்டுல யாரு டூட்டி?" என்று கேட்டார் டாக்டர்.

"நான்தான் டாக்டர்."

"எங்க இருந்தீங்க?"

"பெரிய வார்டுல. ஃபிட்ஸ் கேஸ்."

"அங்க யாரு டூட்டி?"

"அங்கயும் நான்தான் டாக்டர்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கையில் சுருட்டினார், விரித்தார், திரும்பவும் சுருட்டினார்.

அழகப்பன் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் கீழ இறக்கலைங்களே. கீழ இறக்கக் கூடாதுன்னுதான் சொல்லிவிட்டா. இறக்கலைங்க. மரியாதைக்குத்தானே எந்திரிக்கச் சொன்னேன்" என்றான். சூசையம்மாவிடம் சொன்னான், என்னிடம் சொன்னான், கூட்ட வந்த ஆளிடமும் சொன்னான். அப்போதும் அவன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

நர்சைத் திட்டுகிறவர்களும் அவனைத் திட்டுகிறவர்களும் இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு தரம் படியுங்கள்.

இதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆஸ்பத்திரியை நடத்துகிறவர்கள் கூடிப் பேசினார்கள். இன்னொரு நர்சைக் கொண்டுவருவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் அவர்கள், துணைக்கு இருக்கிறவர்கள் விவரம் தெரியாமல் செய்ததால் ஒரு உயிர் போயிற்று, அதனால் இனி துணைக்கு யாரையும் சின்ன வார்டுக்குள் விடக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

எஸ்தர் டாக்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இவங்களும் வெளிய போயிட்டா எனக்கு இருக்கிறது ரெண்டு கைதான் டாக்டர்."

"தெரியும் சிஸ்டர். ஆள் கேட்டு எழுதிக்கிட்டேதான் இருக்கேன். இந்தக் குளிருக்கு, இந்த வேலைக்கு யாரும் ஏற மாட்டேங்கிறாங்க." அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும்.

என்னை வெளியே அனுப்பினார்கள். பவளம் அழக் கூடாது, அழுதாலும் இதயத்துக்குச் சிரமம். அதனால், "வெளிய ஜன்னல்கிட்டயே நிக்கிறேன், கண்ணு. என்னையப் பாத்துக்கிட்டே படுத்திரு" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு வந்தேன். தோட்டத்துப் பக்கம் கண்ணாடி ஜன்னல். சுவரோரம் ஒரு கருங்கல்லைப் புரட்டிப் போட்டு அதில் ஏறி நின்றால் அவள் முகம் தெரியும்.

அன்று மத்தியானம் எஸ்தர் என்னிடம் வந்தார். கண் இரண்டும் செக்கச் சிவந்து கிடந்தது.

"அக்கா, வீட்டுல பழைய சேலை இருக்குமா? நல்லா நைஞ்சதா?"

"எதுக்கு சிஸ்டர்?"

"பவளத்தைக் கட்டிலோட கட்டணும்." சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "நான் அங்கிட்டுப் போற நேரம் எந்திரிச்சிட்டா யாரு பாப்பா? பேண்டேஜ் துணியில கட்டினா கை கன்னிப்போகுது. அதான் கேக்குறேன். கட்டாம இங்கயே நின்னேன்னா, அங்க ஒண்ணு போயிரும்."

செண்பகனூருக்குப் போகிற பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் எங்கள் கடை டீக்குப் பழகியவர். அடுத்த நடையில் என் நீலச் சேலையைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே, என் வீட்டுக்காரர் வைத்துத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்த ரசத்தை, ஆறாமல் இருக்கத் தன் காக்கிக் கோட்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். எதற்குச் சேலை என்று கேட்டார். குளிருக்கு என்றேன்.

எஸ்தர் அதை அகலப் பட்டைகளாகக் கிழித்தார். மணிக்கட்டுக்கு ஒன்று, நெஞ்சுக்குக் குறுக்கே ஒன்று. கட்டில் கம்பியோடு முடிச்சுப் போடும்போது, முடிச்சுக்குள் விரலை விட்டுப் பார்த்துப் பார்த்துப் போட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பவளத்தின் வாய், "அம்மா" என்று அசைந்தது. சத்தம் கேட்கவில்லை. நான் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தேன். அவ்வளவு நேரம் சிரித்தால் தாடை எப்படி வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு வந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மழை விட்டால் கல்லில் நிற்பேன், பெய்தாலும் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்பேன். எஸ்தர் கஞ்சி கொடுக்க வரும்போது கட்டை அவிழ்ப்பார், போகும்போது கட்டுவார். பவளத்தின் நாடியைப் பிடித்து, மாரில் குத்திய கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவார். எண்ணிக்கொண்டிருக்கும்போதே நின்ற நிலையில் அவர் கண் மூடும். தலை முன்னால் சாயும். நான் கண்ணாடியைத் தட்டுவேன். அவர் திடுக்கிட்டு விழித்து முதலிலிருந்து எண்ணுவார். அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மிஞ்சிய சோலி அது ஒன்றுதான்.

முதலில் பவளம் கட்டை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் இழுக்கவில்லை. அப்புறம், எஸ்தர் கட்டிலருகே வந்தாலே தானாகக் கையை நீட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். இழுத்த நாட்களே எனக்குத் தேவலையாக இருந்தன.

ஒருநாள் வராந்தாவில் எஸ்தர் என் பக்கத்தில் நின்று தேத்தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று நின்றே குடித்தார். "தை மாசம் எனக்குக் கல்யாணம்க்கா. மாப்பிள்ளை ரயில்வேயில இருக்காரு" என்றார்.

ஒரு பெண் அப்படிச் சொன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஊரில் எத்தனை பெண்களை வாழ்த்தியிருக்கிறேன். அன்று வாயிலிருந்து வந்தது, "அப்ப இங்க யாரு?" என்பதுதான்.

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "சூசையம்மா இருக்கு" என்றார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மார்கழியில் பவளத்தை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். இதயம் இன்னும் இடறி இடறித்தான் அடிக்கிறதாம். இன்னும் ஒரு மாதம் படுக்கையிலேயே இருக்க வேண்டும், ஓடக் கூடாது, பொங்கல் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பின்னே ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். "கட்டில் வேணும்மா. வீட்டுல பக்கத்துல ஆள் இருக்கும். இங்க இல்ல" என்றார் டாக்டர். அத்தனை நாளில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது.

இப்போது பவளம் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் படுத்திருக்கிறாள். எழுதுவதை நிறுத்தி நிறுத்திப் போய் அவள் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன். பொங்கல் கழித்துப் போனால் அங்கே யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியாது.

கிளம்பிய அன்று நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பவளத்தைப் பலகையோடு படுக்கவைத்துத் தூக்கி லாரியில் ஏற்றினார். நான் மூட்டையை எடுக்கத் திரும்பியபோது, என் கல்லின் மேல் வேறொருத்தி ஏறி நின்றுகொண்டிருந்தாள். ஆயக்குடிப் பக்கத்துப் பெண். கொடைக்கானல் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த இடத்தில் மகனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டதாம். அவன் தேறிக்கொண்டிருந்தான். பவளத்தின் கட்டிலில் படுத்திருந்தான்.

"எப்ப உள்ள விடுவாங்க அக்கா?" என்று கேட்டாள்.

அதற்குள் எஸ்தர் வாசலுக்கு வந்தார். துவைத்துக் காயப்போட்டிருந்த நீலப் பட்டைகள் அவர் கையில் இருந்தன. என்னிடம் நீட்டினார். ஆனால் விரல்கள் அதை விடவில்லை.

"வச்சுக்கங்க சிஸ்டர்" என்றேன்.

கல்லின் மேல் நின்றவள் அந்தத் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது எதுக்கு அக்கா?"

எனக்குப் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது என்று ஊரே சொல்லும். லாரியில் என் வீட்டுக்காரர் ஹாரன் அடித்தார்.

"பழைய சேலைம்மா" என்றேன். "பிள்ளை கையில உறுத்தாது."